வரமும் வினையும்

நம்மவர் பேச்சில் இரண்டு சொற்கள் மிக எளிதாகப் புழங்குகின்றன. ஒன்று வரம், மற்றது வினை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவர் நினைத்த மாத்திரத்தில் செய்யுள் இயற்றினால், அது அவருக்கு வாய்த்த வரம் என்கிறோம். ஐந்து வயதாகியும் வாய் திறவாத பிள்ளையைக் கண்டால், அது பெற்றவர்கள் செய்த வினை என்கிறோம். முன்னதைச் சொல்லுகையில் கை குவிகிறது; பின்னதைச் சொல்லுகையில் குரல் தாழ்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே வகையான விளக்கங்களே. மனிதனிடத்தில் காணப்படும் ஒன்றுக்கு மனிதனுக்கு அப்பால் ஒரு காரணத்தைக் கற்பித்து, அதற்குமேல் விசாரியாமல் விட்டுவிடுவதே இரண்டிலும் நடைபெறுகிறது.

வரமும் வினையும் ஒரே பிள்ளையிடத்தில் சேர்ந்து காணப்பட்டால் யாது சொல்வோம்? சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிக்கொள்ள இயலாத ஒருவர், எந்தத் திகதியைச் சொன்னாலும் அது எந்தக் கிழமை என்று உடனே சொல்லிவிடுகிறார். நாலு சொற்களைச் சேர்த்துப் பேச அறியாத சிறுமி, தேர்ந்த ஓவியரும் வியக்கும்படி குதிரை வரைகிறாள். இத்தகையோர் கதைப் பாத்திரங்கள் அல்லர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மருத்துவ ஏடுகளிற் பதிவு பெற்றவர்கள். அவர்களைப் பற்றி மூளையியல் கண்டறிந்தவை எவை, அவற்றிலிருந்து நம் ஒழுக்க சிந்தனை கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், அங்கிருந்து கடல் கடந்து படிக்க வரும் மாணவர்க்கும் இது ஏட்டளவான வினா அன்று. பேசாத பிள்ளையும், எழுத்துக் கூட்டாத பிள்ளையும், தனக்குள்ளே ஒடுங்கிய பிள்ளையும் நம் தீவகத்திலும் உண்டு. அவர்களை நாம் எந்தக் கண் கொண்டு பார்க்கிறோம் என்பதே இங்கு எழும் வினா.

மேற்சொன்ன நிலையை இன்றைய மருத்துவம் 'சவான்ட் கூட்டறிகுறி' என்று வழங்குகிறது. அறிவிலோ பேச்சிலோ பழகும் முறையிலோ பெருங்குறை உடைய ஒருவரிடம், அக்குறைக்கு நேர்மாறாக ஒரு துறையில் மட்டும் வியத்தகு ஆற்றல் தனித்து நிற்பதே இதன் இலக்கணம். 'சவான்ட்' என்பது அறிஞரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1887இல் லண்டன் வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் தம் சொற்பொழிவுகளில் இத்தகையோரை விவரித்து, 'மூட அறிஞர்' எனப் பொருள்படும் பெயரை அவர்களுக்கு இட்டார். அப்பெயரின் இழிவு கருதி அதன் முற்பாதியைப் பிற்காலத்தார் நீக்கிவிட்டனர். டவுன் கண்ட சிறுவன் ஒருவன், உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய பெருநூலைப் பக்கம் பக்கமாக ஒப்புவித்தான். முதன்முறை வாசிக்கையில் ஓரிடத்தில் ஒரு வரியைத் தவறவிட்டு, திரும்பிச் சென்று அதனைச் சேர்த்துப் படித்திருந்தான். பின்னர் ஒப்புவித்த போதெல்லாம் அதே இடத்தில் அவ்வரியைத் தவறவிட்டு, அதே போலத் திரும்பிச் சென்று சேர்த்துக்கொண்டான். பிழையும் திருத்தமும் நூலின் பகுதிகளாகவே அவன் நினைவிற் பதிந்திருந்தன. பொருளைப் பற்றிக்கொள்ளாமல் சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் நினைவு ஒன்று உண்டு என்பதை டவுன் அன்றே கண்டுகொண்டார்.

இவ்வாற்றல் எத்துணைப் பேரிடம் காணப்படுகிறது? ஓட்டிசம் எனும் வளர்ச்சி வேறுபாடுடைய 5,400 பிள்ளைகளின் விவரங்களை அவர்தம் பெற்றோரிடமிருந்து திரட்டிய அமெரிக்க உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட், 531 பேரிடம் ஏதேனும் ஒரு சிறப்பாற்றல் இருந்ததாக 1978இல் எழுதினார். அஃதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவர். இத்துறையில் வாழ்நாள் முழுதும் உழைத்து 2020இல் மறைந்த டரல்ட் ட்ரெஃபர்ட் எனும் மருத்துவரின் கணிப்பின்படி, சவான்ட் ஆற்றல் உடையோரிற் பாதிப் பேர் ஓட்டிசம் உடையவர்; மறுபாதியினர் வேறு வளர்ச்சிக் குறைகளோ மூளைக் காயமோ நோயோ உடையவர். அவர்களின் ஆற்றல் பெரும்பாலும் இசை, ஓவியம், கணக்கு, நாட்கணிப்பு, பொறித்திறனும் இடவறிவும் என்ற ஐந்து துறைகளுள் அடங்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஆழ்ந்து குறுகிய நினைவாற்றல் ஒன்று நிற்கிறது. பத்தில் ஒருவர் என்ற இந்தக் கணக்கை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி மூளையைப் பார்ப்போம். பெரும்பாலான மனிதரிடம் மொழியையும் கருத்துகளை வகைப்படுத்துவதையும் இடது அரைக்கோளமே முதன்மையாக ஆள்கிறது. சவான்ட் மனிதரிடம் குறைபட்டிருப்பவை பெரும்பாலும் அத்தொழில்களே. இசை, உருவம், இடம் ஆகியவற்றை அறிவதில் வலது அரைக்கோளம் கொள்ளும் பங்கு பெரிது. அவர்களிடம் ஓங்கி நிற்பவையும் பெரும்பாலும் இவையே. ஆதலின் இடப்பக்கத்திற்கு இளமையிலேயே நேர்ந்த தடையை வலப்பக்கம் ஈடு செய்கிறது என்ற கொள்கை எழுந்தது. இதற்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. முதுமையில் மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் சிதையும் நோயுற்ற சிலர், அதற்கு முன் ஓவியத்தில் நாட்டம் இல்லாதிருந்தும் நோய் முற்றும் காலத்தில் நேர்த்தியாக வரையத் தொடங்கியதை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மில்லரும் அவர்தம் குழுவினரும் 1998இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் அலன் ஸ்னைடர் வேறொரு வழியில் முயன்றார். குறை ஏதுமற்ற பன்னிருவரின் இடப்புறப் பொட்டுப் பகுதியைக் காந்தத் துடிப்புகளால் சிறிது நேரம் மந்தப்படுத்தி, திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் புள்ளிகளின் தொகையைச் சொல்லுமாறு கேட்டார். பதின்மர் முன்னிலும் துல்லியமாகச் சொன்னதாக 2006இல் வெளிவந்த கட்டுரை தெரிவிக்கிறது. பன்னிருவரைக் கொண்டு ஒரு கோட்பாட்டை நிறுவிவிட முடியாது. எனினும் நம் எல்லோருடைய மூளையிலும் நுணுக்க விவரங்கள் பதிவாகின்றன என்றும், பொருளைத் தேடும் பகுதி அவற்றைத் திரையிட்டு மறைக்கிறது என்றும் எண்ண இது இடந்தருகிறது.

1951இல் பிறந்து 2009இல் மறைந்த அமெரிக்கர் கிம் பீக்கின் மூளை மற்றொரு செய்தியைச் சொல்கிறது. இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்பு நார்ப் பாலம் அவருக்குப் பிறவியிலேயே அமையவில்லை, சிறுமூளையும் பழுதுற்றிருந்தது. ஆயிரக்கணக்கான நூல்களை அவர் மனனம் செய்திருந்தார். 1988இல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்ற திரைப்படத்திற்கு உந்துதல் தந்தவர் அவரே. ஆயினும் உடை உடுத்துவதற்குத் தந்தையின் உதவி அவருக்கு வேண்டியிருந்தது. மூளையின் கட்டமைப்பை விட்டு அறியும் முறையை நோக்கினார் ஊட்டா பிரித் எனும் உளவியலாளர். ஓட்டிசம் உடையோர் முழுமையை நோக்கி விரையாமல் பகுதிகளிலே தங்கி நிற்கின்றனர் என்று 1989இல் அவர் விளக்கினார். நாம் காட்டைக் கண்டு மரங்களை மறக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு மரத்தையும் அதன் இலையோடு காண்கிறார்கள்.

இவ்விளக்கங்களுள் எந்த ஒன்றும் தனித்து நின்று எல்லா மனிதரையும் விளக்கிவிடவில்லை, ஆராய்ச்சி தொடர்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முடிவு உண்டு. ஆற்றலும் குறையும் இரு வேறு இடங்களிலிருந்து வந்து ஒரு மனிதரிடம் கூடியவை அல்ல. ஒரே மூளையின் ஒரே அமைப்பு ஒரு பக்கத்தில் ஆற்றலாகவும் மறுபக்கத்தில் குறையாகவும் வெளிப்படுகிறது. வரத்தை ஒரு தெய்வத்திற்கும் வினையை ஒரு முற்பிறப்பிற்கும் பங்கிட்டுக் கொடுத்த பழைய கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. அம்மூளையைத் தனக்கு அமைத்துக்கொண்டவர் எவரும் இலர். ஆகவே ஆற்றலுக்காக அவரை வணங்குவதற்கும் காரணமில்லை. குறைக்காக அவரையோ அவர் தாயையோ பழிப்பதற்கும் காரணமில்லை.

மூளையே எல்லாம் என்று இங்கு நிறுத்திக்கொண்டால், விதியின் இடத்தில் மூளையை அமர்த்தியவர்கள் ஆவோம். அதுவும் உண்மையன்று. நாட்கணிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆண்டின் 365 நாட்களை ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஆகவே ஒரே திகதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி விழும். நெட்டாண்டின் பெப்ரவரி 29 இடையே வந்தால் இரண்டு கிழமை தள்ளும். இதனால், நூற்றாண்டு மாறும்போது வரும் விலக்கு ஒன்று நீங்கலாக, 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்காட்டி முழுவதும் திரும்பி வரும். 1945 ஒக்டோபர் முதலாந் திகதி திங்கட்கிழமை. 1973 ஒக்டோபர் முதலாந் திகதியும் திங்கட்கிழமையே. இவ்வொழுங்குகளை எவரும் சொல்லிக்கொடுக்காமலே நாட்கணிப்போர் கண்டு பயன்படுத்துகின்றனர் என்பதை லண்டனில் ஹேர்மெலின், ஓ'கொனர் ஆகிய இருவரும் 1980களில் சோதனைகளால் நிறுவினர். விதியைச் சொல்லத் தெரியாதவர் விதியின்படி கணிக்கிறார். இலக்கணம் அறியாத குழந்தை இலக்கணப் பிழையின்றிப் பேசுவது போன்றதே இது. இடைவிடாத ஈடுபாடு இதற்கு வேண்டும். அதனோடு வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டியும் தொங்கவேண்டும். பியானோ இல்லாத ஊரில் பியானோ மேதை தோன்றுவதில்லை. பென்சில் கொடுக்கப்படாத பிள்ளையின் ஓவியத்தை எவரும் கண்டதில்லை.

பழக்கம் மூளையின் உருவத்தையே மாற்ற வல்லது என்பதற்கும் சான்று உண்டு. லண்டன் நகரின் தெருக்களையெல்லாம் மனத்திற் பதித்துத் தேர்வு எழுதும் வாடகைக் கார் ஓட்டுநரிடம், இடவறிவுக்குரிய ஹிப்போகாம்பஸ் எனும் மூளைப் பகுதியின் பின்புறம் பருத்திருப்பதை எலினோர் மகுவயர் குழுவினர் 2000இல் கண்டனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து, பயிற்சியே அம்மாற்றத்தை விளைவித்தது என்பதை 2011இல் உறுதி செய்தனர். பாய்க்கப்பல் காலத்தில் ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து சென்ற மாலுமிகளையும், இருட்டில் ஆழமும் திட்டியும் அறிந்து வள்ளம் செலுத்தும் நம் கடற்றொழிலாளரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வாடையும் சோளகமும் கச்சானும் கொண்டலும் அவர்களுக்கு ஏட்டில் எழுதிய பாடங்கள் அல்ல. அவர்தம் அறிவை நாம் வரம் என்று சொல்வதுமில்லை, மேதைமை என்று கொண்டாடுவதுமில்லை. 'கடல் பழக்கம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். கையால் உழைப்பவனின் அறிவைப் பழக்கம் என்றும், ஏடு சார்ந்தவனின் பழக்கத்தை வரம் என்றும் வழங்குவதிலே நம் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு வெளிப்படுகிறது.

நயினாதீவு மக்கள் 'வரகவி' என்று போற்றும் நாகமணிப் புலவர் நயினை நீரோட்டயமக அந்தாதியை இயற்றினார். நீரோட்டகம் என்பது இதழ் ஒட்டாமலும் குவியாமலும் ஒலிக்கும் எழுத்துகளை மட்டுமே கொண்டு பாடுவது. பகரமும் மகரமும் வகரமும், உகர ஒகர இனங்களும் அதில் வரலாகா. அதன்மேல் யமகத்தின் கட்டுப்பாடும் அந்தாதித் தொடையின் கட்டுப்பாடும் சேர்கின்றன. இத்தகைய நூலைப் பாடுவதற்கு இயல்பான கூர்மை வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆனால் நூற்றாண்டுகளாகப் புலவர் பலர் வளர்த்து வந்த ஒரு செய்யுள் மரபும், நிகண்டும் யாப்பும் பயின்ற நீண்ட உழைப்பும் அதன் பின்னே நிற்கின்றன. வரகவி என்ற சொல் அன்பினாற் சொல்லப்பட்டது. ஆயினும் உழைப்பையும் மரபையும் அது மறைத்துவிடுகிறது. புலோலியிற் பிறந்து சென்னையிற் புகழ் பெற்று 1907இல் மறைந்த சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளைக்கும், அதே 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்த கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலருக்கும் இது பொருந்தும். ஒரே நேரத்தில் பல வினாக்களை மனத்தில் ஏந்தி விடை சொல்லும் அவதானக் கலை, ஆசிரியரிடம் பயின்று பெறும் பயிற்சி. அவதானிகள் சவான்ட் மனிதர் அல்லர். ஆனால் இரு சாராரையும் மக்கள் ஒரே வியப்போடு நோக்கினர். அவ்வியப்பிலே விசாரணை மறைந்துபோயிற்று.

வியப்பு தீங்கற்றது என்று எண்ணவேண்டா. அதன் வரலாறு கொடியது. ஆபிரிக்காவிலிருந்து பதினான்கு வயதில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, அமெரிக்காவின் வேர்ஜினியாவில் 1790இல் இறந்தவர் தோமஸ் புல்லர். எழுத்தறியாத அவரிடம், 70 ஆண்டு 17 நாள் 12 மணி நேரம் வாழ்ந்த ஒருவன் எத்தனை விநாடி வாழ்ந்தான் என்று கேட்டனர். ஒன்றரை நிமிடத்தில் 2,210,500,800 என்றார். தாளிற் கணக்கிட்ட கனவான் ஒருவர் விடை மிகுதி என்று மறுத்தபோது, நெட்டாண்டுகளை அவர் மறந்துவிட்டதைப் புல்லர் எடுத்துக்காட்டினார். அடிமை முறையை எதிர்த்தோர், கறுப்பினத்தவரின் அறிவுக்குச் சான்றாக அவரைக் காட்டினர். பிற்கால மருத்துவ நூல்களோ அவரைச் சவான்ட் வரிசையிற் சேர்த்து, எண்ணிக்கைக்கு அப்பால் ஏதும் அறியாதவர் என்று எழுதின. அவர் எழுத்தறியாமைக்குக் காரணம் அவர் மூளையா, அவரை வயலிற் பூட்டிய முறைமையா என்பதை அந்நூல்கள் வினவவில்லை. குறை என்று நாம் எழுதி வைப்பவற்றுள் எவ்வளவு இயற்கையின் செயல், எவ்வளவு சமூகத்தின் செயல் என்பதைப் பிரித்தறிவது ஆசிரியர் ஒவ்வொருவரின் கடமை என்பதற்குப் புல்லரின் வாழ்வு போதிய சான்று.

1849இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமைக் குடும்பத்திற் பிறந்த தோமஸ் விக்கின்ஸ் பிறவிக் குருடர். 'குருட்டு டொம்' என்ற பெயராலேயே உலகம் அவரை அறிந்தது. ஒருமுறை கேட்ட இசையைப் பியானோவில் திருப்பி வாசித்தார். 1860இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புக்கானன் முன்னிலையில் வாசித்தபோது அவர் சிறுவர். எசமானரான பெத்தூன் குடும்பம் அவரை ஊரூராகக் கொண்டு சென்று பெரும் பொருள் ஈட்டியது. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அவர் விடுதலை பெறவில்லை. தன்னைத் தானே நடத்திக்கொள்ள இயலாதவர் என்ற காரணங்காட்டி, பாதுகாவலர் என்ற பெயரில் பழைய எசமானரும் அவர் குடும்பத்தாருமே அவரையும் அவர் வருவாயையும் ஆண்டனர். 1908இல் அவர் இறந்தார். ஆற்றல் அவரைப் பொருளீட்டும் கருவியாக்கியது. குறை அக்கருவியைப் பறித்து வைத்திருப்பதற்குச் சாட்டாயிற்று. கொண்டாடுவோர் கூட்டம் எவ்வளவு பெருகியும் அந்த மனிதருக்கு அதனால் விளைந்த உரிமை ஒன்றுமில்லை.

ஆற்றலைப் பேணுவதா, மனிதரைப் பேணுவதா என்ற வினா நம் காலத்தில் வேறோர் உருவில் எழுந்தது. 1967இல் பிறந்து இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் வளர்ந்த நாடியா எனும் சிறுமி, பேச்சு ஏறக்குறைய இல்லாத நிலையில், மூன்று வயது கடந்தவுடன் குதிரைகளை வரையலானாள். அவ்வயதுப் பிள்ளைகள் வட்டமும் கோடுமாக மனிதனை வரையும்போது, அவள் வரைந்த குதிரைகள் பாய்ந்து திரும்பின. லோர்னா செல்ஃப் எனும் உளவியலாளர் 1977இல் அவளைப் பற்றி நூல் வெளியிட்டார். பாடசாலையிற் சேர்ந்து ஓரளவு பேசக் கற்றதும் அவளது ஓவிய ஆற்றல் மங்கிவிட்டது. மேதைமையைப் பறித்துவிட்டுப் பேச்சைக் கொடுத்தது சரியா என்று அக்காலத்தில் எழுத்தாளர் சிலர் புலம்பினர்.

நெடுந்தீவின் வெளிகளில் மட்டக்குதிரைகள் மேய்வதை நாம் அறிவோம். அவற்றை நாடியாவைப் போல் வரையும் பிள்ளை ஒருத்தி அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும், வயிறு நோகிறது என்று சொல்லவும், அம்மா என்று அழைக்கவும் அவள் கற்பதால் அவளது கோடுகள் மங்கும் என்றால், நாம் எதைத் தெரிவோம்? ஓவியம் உலகத்திற்கு, பேச்சு அவளுக்கு. உலகத்தின் கண்ணுக்கு விருந்தாகும் பொருட்டு ஒரு பிள்ளையை ஊமையாக வைத்திருக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இத்தகைய பண்டமாற்று இயற்கையின் சட்டமும் அன்று. தம்மிடம் வந்தோர் பலரைக் கண்ட ட்ரெஃபர்ட், நாடியாவுக்கு நேர்ந்தது விதிவிலக்கு என்கிறார். அவர்தம் ஆற்றலைப் போற்றி வளர்த்தபோது பேச்சும் பழக்கமும் அதன் வழியாகவே வளர்ந்தன என்று எழுதினார். கிம் பீக்கின் வாழ்வும் இதனையே காட்டுகிறது. குழந்தைப் பருவத்திலே காப்பகத்தில் விட்டுவிடுமாறு வைத்தியர் சொன்னதைப் பெற்றோர் ஏற்கவில்லை. திரைப்படத்தின் பின்னர் தந்தையோடு ஊரூராகச் சென்று மக்களோடு உரையாடியதால், முன்பு பிறர் முகம் பார்க்கக் கூசிய அவர் நடுவயதுக்குப் பின் நகைச்சுவை பேசுபவராக மாறினார். ஆற்றலைக் காட்சிக்கு வைப்பதற்கும், அதனை மனித உறவுக்கு வாயிலாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குருட்டு டொம்மின் வாழ்வையும் கிம் பீக்கின் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அறியலாம்.

இனி நம்மவருள் முற்போக்கு எண்ணம் உடையோரிடமே காணப்படும் ஒரு மயக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசும் நல்லவர்கள், 'இவர்களை ஒதுக்காதீர்கள். இவர்களுள்ளும் ஒரு மேதை இருக்கக்கூடும்' என்கின்றனர். கேட்பதற்கு இனிதாக உள்ள இவ்வாதம் உள்ளே பழுதுடையது. பத்தில் ஒருவர் என்ற கணக்கை இங்கே நினைவு கூர்வோம். மேதை இருக்கக்கூடும் என்பதற்காகவே பிள்ளைகளை ஏற்கவேண்டும் என்றால், மேதைமை இல்லாத ஒன்பது பிள்ளைகளின் கதி என்ன? அந்தப் பத்தாவது பிள்ளையும் நாளை நாடியாவைப் போல் தன் ஆற்றலை இழந்தால், அவளுக்குரிய இடமும் அன்றோடு போய்விடுமா? குறையுடைய பிள்ளை தன் இருப்புக்கு விலையாக ஓர் அற்புதத்தைச் செய்து காட்டவேண்டும் என்று கேட்கும் வாதம் இது. குறையற்ற பிள்ளையிடம் அவ்விலையை எவரும் கேட்பதில்லை.

ஆனால் குறையற்ற பிள்ளைகளிடமும் அவ்விலையைக் கேட்கத் தொடங்கிவிட்டோமோ என்று அஞ்சவேண்டியுள்ளது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் பத்து வயதுப் பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளை நிரப்புகின்றன. வெட்டுப்புள்ளிக்கு ஓரிரு புள்ளி கீழே நின்ற பிள்ளை வீட்டின் மூலையில் அழுகிறது. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாம் பழமொழி சொல்கிறோம். முளையிலே தெரியாத பயிருக்குத் தண்ணீர் விடவேண்டாம் என்று எந்தக் கமக்காரனும் அப்பழமொழிக்குப் பொருள் கொண்டதில்லை. பாடசாலைகளே அவ்வாறு பொருள் கொள்கின்றன. சவான்ட் பிள்ளையை வியந்து போற்றும் மனமும், புள்ளி குறைந்த பிள்ளையைக் கண்டு முகஞ் சுளிக்கும் மனமும் ஒன்றே. இரண்டும் மனிதனை அவன் திறமையின் அளவாற் காண்கின்றன.

மனிதருக்கு மனிதர் என்ற மதிப்பு எங்கிருந்து வருகிறது? திறமையிலிருந்து வருமானால், அது மூளையின் அமைப்பைப் பொறுத்தது. மூளையின் அமைப்போ எவரும் ஈட்டியது அன்று. ஈட்டாத ஒன்றை அடிப்படையாகக் கொண்டு மனிதரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என வகுப்பது, பிறப்பை அடிப்படையாகக் கொண்டு வகுத்த சாதி முறையின் மற்றோர் உருவமே. சாதியை எதிர்ப்பவர் இதனை ஏற்க முடியாது. பசியும் நோவும், அன்பை நாடுதலும், பிறரோடு கூடி வாழ விழைதலும் மேதைக்கும் பேசாத பிள்ளைக்கும் பொது. மனித மதிப்பை இப்பொதுமையின்மேல் நிறுத்தினால் மட்டுமே அது எவரையும் வெளியே தள்ளாது. திறமையைப் போற்றுவதை இது தடுப்பதில்லை. திறமை போற்றத்தக்கது, வளர்க்கத்தக்கது. உரிமைக்கு நிபந்தனையாக மட்டும் அது ஆகலாகாது.

இக்கொள்கை நம் நாட்டுச் சட்டத்திற்கும் புதிதன்று. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பிள்ளையின் தந்தைக்குப் பணம் உண்டா என்று கேட்பதை நிறுத்தியது. செலவைக் காட்டி அதனை எதிர்த்தோர் அன்றும் இருந்தனர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலிலோ உளத்திலோ குறை உண்டு என்பதற்காகக் கல்வி நிலையத்திற் சேர்ப்பதில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று விதித்தது. 1998 முதல் கட்டாயக் கல்வி நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. ஏட்டில் எல்லாம் உண்டு. ஆனால் ஏட்டுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கடல் இருக்கிறது.

நெடுந்தீவிலிருந்து பேசாத தன் பிள்ளையைப் பட்டணத்திற்குக் கூட்டிச் செல்லும் தாயின் வழியை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் குறிகட்டுவான் துறைக்கு வரவேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து பேருந்தில் யாழ்ப்பாணம் சேரவேண்டும். பெருஞ்சத்தமும் சன நெரிசலும் பொறுக்காத பிள்ளைக்கு அப்படகின் எந்திர ஓசையே வதை. பிள்ளை அலறினால், பிள்ளையைவிடத் தாயையே எல்லாரும் பார்ப்பர். கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகே இல்லை. செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956 முதல் உண்டு. உளவளர்ச்சிக் குறையுடைய பிள்ளைகளுக்குக் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை உண்டு. இரண்டும் பெருமைக்குரியவை. ஆயினும் இரண்டும் கடலுக்கு அப்பால், குடாநாட்டிலே உள்ளன. நாட்கூலியை இழந்து கிழமைதோறும் அவ்வழியிற் செல்லத் தீவகத்துக் குடும்பம் எதற்கு இயலும்? இயலாதபோது பிள்ளை வீட்டுக்குள் இருத்தப்படுகிறது. அயலார் அதனை வினை என்கின்றனர். உண்மையில் அது போக்குவரத்துக் குறை; ஆசிரியர் பற்றாக்குறை; அரசின் அக்கறைக் குறை. மாற்றக்கூடிய காரணங்களுக்கு மாற்ற முடியாத பெயர் சூட்டியிருக்கிறோம்.

ஆதலின் செய்யற்பாலன சில உண்டு. விசேட கல்வியிற் பயிற்சி பெற்ற ஆசிரியர் தீவகத்துப் பாடசாலைகளுக்கே அனுப்பப்படவேண்டும் என்று கேட்பது ஒன்று. பேச்சுப் பயிற்சி அளிப்போர் குறித்த நாட்களில் தீவுகளுக்கு வரவேண்டும் என்று கேட்பது மற்றொன்று. இவை கோரிக்கைகள், கூடிக் கேட்டாலன்றிக் கிடையா. கேட்காமலே நம் கையால் இயல்வனவும் உள. வகுப்பறையின் பின்வரிசையில் எழுத்துக் கூட்டாமல் இருக்கும் பிள்ளைக்கு ஒரு பென்சிலும் தாளும் கொடுத்துப் பார்க்கலாம். ஏதேனும் வெளிப்பட்டால் அதனை விழா மேடைக்குக் கொண்டு செல்லாமல், அதன் வழியாக அப்பிள்ளையோடு பேசக் கற்கலாம். ஒன்றும் வெளிப்படாவிட்டாலும் அந்தத் தாளையும் பென்சிலையும் திருப்பி வாங்காதிருக்கலாம்.

வரம் என்ற சொல்லையும் வினை என்ற சொல்லையும் ஒரே நாளிற் கைவிடுவது நம் மக்களுக்கு எளிதன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் முதலிற் கைவிடலாம். பிள்ளைக்கு என்ன திறமை உண்டு என்று கேட்பதற்கு முன், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வருமானால், பத்திலே ஒரு பிள்ளையின் ஆற்றலும் கெடாது. ஒன்பது பிள்ளைகளின் வாழ்வும் வீணாகாது.